ஏறும்போது காலி, இறங்கும்போது பாரம்

அத்தியாயம் 7: பிக்அப்பின் பட்டை, புஷ், ஷாக்

கீரிப்பாறைக்கோ மாறாமலைக்கோ காலையில் ஏறுகிற பிக்அப்பைக் கவனியுங்கள். பின்தட்டில் காலி பேரல்கள் உருளும், மிஞ்சிப்போனால் இரண்டு உரமூட்டை இருக்கும். சாயங்காலம் அதே வண்டி இறங்கும்போது தட்டில் ரப்பர் பால், ஒட்டுப்பால், சீசனைப் பொறுத்து கிராம்பு அல்லது அன்னாசி என்று வண்டி தாங்குமட்டும் ஏறியிருக்கும். மேட்டில் காலியாக ஏறி, இறக்கத்தில் பாரத்தோடு வருவதுதான் நம் குமரி மாவட்டத்து மலைவண்டியின் பிழைப்பு. சஸ்பென்ஷனைப் பற்றி இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலி வண்டி ஏற்றத்தில் என்ன செய்கிறது? பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கப் பாரம் இல்லை. பட்டை ஸ்பிரிங் கடினமாக இருந்தால் சக்கரம் கல்லின் வடிவத்தைப் பின்தொடராமல் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் டயர் தரையில் இல்லை. தரையில் இல்லாத டயருக்குப் பிடிப்பும் இல்லை. சோலிங் கல் மழையில் பாசி பிடித்துக் கிடக்கும்போது இதன் விளைவு வயிற்றைக் கலக்கும். பாரத்தோடு இறங்கும்போது நிலைமை தலைகீழ். பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை முன்பக்கம் சாய்கிறது. முன் ஸ்பிரிங், முன் ஷாக், பால் ஜாயின்ட் எல்லாம் அந்த எடையை வாங்குகின்றன.

நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்று பின்னால் இரண்டு பட்டை கூட்டுகிறோம். ஏற்றத்தில் பிடிப்பு இன்னும் குறைகிறது. இறக்கத்தில் முன்பக்கத்துக்கு எந்த உதவியும் கிடைப்பதில்லை. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு பட்டறையில் நான் கேட்டபடியே இரண்டு கனத்த பட்டை ஏற்றித் தந்தார்கள். அடுத்த வாரம் பாலமோர் பக்கம் ஒரு வளைவில், தூறல் விழுந்த கல்லில், காலி வண்டியின் பின்பக்கம் துள்ளித் துள்ளி ஓரமாக நகர்ந்தது. பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் சென்டர் போல்ட்டும் முறிந்தது. இந்தப் புத்தகத்தை எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

வில் என்கிற பழைய சங்கதி

பட்டை ஸ்பிரிங் நமக்குப் புதிதில்லை. மாட்டுவண்டிக் காலத்திலேயே வில்வண்டி என்று பெயர் வைத்துவிட்டோம். வளைந்த உருக்குப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய அந்த வில்தான் இன்றைக்கும் பிக்அப்பின் பின் ஆக்சிலைத் தாங்குகிறது. நம் எல்லைக்கு அப்பால் வெங்ஙானூரில் சமூகப் போராளி அய்யங்காளி 1893இல் ஒரு வில்வண்டி வாங்கி, ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் ஓட்டிக் காட்டினார். நம் மாவட்டமும் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. வில் வைத்த வண்டியில் பொதுவழியில் போவதே ஓர் உரிமையாக இருந்த மண் இது.

உங்கள் வண்டியில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய மஹிந்திரா ஜீப்புகளில் நான்கு பக்கமும் பட்டைதான். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்னால் இரட்டைக் கையும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் பட்டையும். 2010இல் வந்த தார் ஜீப்பின் ஒரு வகையில் முன்னால் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி இருந்தது. எந்த வண்டியானாலும் சுமை ஏறுகிற பின்பக்கம் பட்டை என்றால், இங்கே சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்குப் பொருந்தும்.

உப்பு, மணல், கழிவு ஆயில்

மலைப்பாறைதான் வண்டியைக் கெடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் பாறையைவிட அதிகம் கெடுப்பது கடற்கரை. இன்று மலையில் ஓடும் பிக்அப்புகள் பல நாளை சின்னமுட்டத்திலோ முட்டத்திலோ குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ மீன்பெட்டி ஏற்றுகின்றன. ஐஸ் உருகி வடிகிற உப்புத்தண்ணீர் பின்தட்டின் இடுக்கு வழியாக நேரே விழுவது ஸ்பிரிங் செட்டின் மேல்தான். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் போன உப்பு வெயிலில் காயும், இரவின் ஈரத்தில் மறுபடி நனையும். வெளியில் பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு செதிலாகக் கிளம்பிவிடும்.

அதோடு மணல். மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்து கிடக்கிறது. இந்தக் கார்னெட்டை உப்புத்தாள் செய்யவும் இரும்பின் மேல் பீச்சித் துருவெடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட மணல் பட்டைகளுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் உருக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தேய்மானத்தில் விழுகிற கீறல்தான் பின்னால் விரிசலாகும்.

பரிகாரம் எளிது. மீன் லோடு இறக்கிய அன்றைக்கே, வீட்டுக்கு வந்ததும், நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் போதும். சேஸிஸின் உட்புறம், பட்டையின் இரு முனை, பட்டையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிள், ஷாக்கின் கீழ்ப்பிடி ஆகிய இடங்களில் நிதானமாக நீர் ஓட விடுங்கள். அழுத்தம் கூடிய வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை ஷாக்கின் சீல் பக்கம் நேராகப் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரும்புக்கு அது நல்லதுதான். ஆனால் புஷ்கள் பெரும்பாலும் ரப்பர். மண்ணெண்ணெயில் போட்ட ரப்பர் ஷீட் துண்டு ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று ஆகிவிடும் என்பது பால்வெட்டுகிற ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதேதான் ஷேக்கிள் புஷ்ஷுக்கும் நடக்கிறது. ஆயில் அடித்தே ஆக வேண்டும் என்றால் ரப்பர் உள்ள இடங்களைத் துணி சுற்றி மூடிவிட்டு, பட்டையின் மேல் மட்டும் துணியால் தடவுங்கள். கிரீஸ் நிப்பிள் வைத்த உலோக புஷ் என்றால் கதை வேறு. அதற்கு வாரம் ஒருமுறை, பழைய கிரீஸ் அழுக்கோடு வெளியே தள்ளி வரும்வரை, புதியது ஏற்ற வேண்டும். எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று பார்க்காமல் கிரீஸ் கன்னை எடுக்காதீர்கள்.

ஜனவரியில் பிரிப்பது

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கிய ஈரம் டிசம்பர் வரை முழுதாய் விடுவதில்லை. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங் செட்டைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஜனவரியைத் தேர்ந்தெடுங்கள். மழை முடிந்திருக்கும், அடித்த பெயின்ட் காய வெயிலும் இருக்கும்.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். டயர் காற்று குறைந்தாலும் இந்த அளவு மாறாது என்பதால்தான் தரையிலிருந்து அளக்காமல் சக்கர நடுவிலிருந்து அளக்கிறோம். இடது வலது வித்தியாசம் ஒரு விரல் அகலத்தைத் தாண்டினால், தாழ்ந்த பக்கத்தில் பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் எழுதிவைத்தால் பட்டை எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். மெக்கானிக் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்ற குழப்பம் அப்போது வராது.

வண்டியைத் தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. ஸ்டாண்டு வையுங்கள். இல்லையென்றால் அயினிக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி சேஸிஸைத் தாங்கவிடுங்கள். செங்கல்லும் காம்பவுண்டுக் கல்லும் எச்சரிக்காமல் பிளக்கும். அவற்றை நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். முன் காயிலை அழுத்திக் கழற்றுகிற வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். அழுத்தி வைத்த காயில் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும்.

பட்டையைப் பிரித்ததும் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து எடுங்கள். பிறகு விரிசல் தேட வேண்டும். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. பட்டை முழுதும் மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து தூளில் மெல்லிய கோடாகத் தெரியும். சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும், மேல்பட்டையின் அடியில் கீழ்ப்பட்டையின் முனை உரசுகிற இடத்திலும், கிளிப் பிடிக்கிற இடத்திலும் கூர்ந்து பாருங்கள். மெயின் பட்டையில் கோடு தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். புதிய மெயின் பட்டை வாங்கும்போது இரண்டாம் பட்டையின் முனை அதன் கண்ணைச் சுற்றி அணைத்து வருகிற வகை உங்கள் வண்டிக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மெயின் முறிந்தாலும் அந்த அணைப்பு ஆக்சிலை இடம்விட்டு ஓடவிடாது. மலை இறக்கத்தில் அதுவே உயிர் காக்கும்.

தளர்ந்த பட்டையை ஆசாரியின் உலையில் வைத்துச் சூடாக்கி வளைவு ஏற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் முதல்முதலாகப் பட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மூத்த ஆசாரியிடம் போனபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, இதை உலையில வச்சா எனக்கு நல்ல வெட்டுகத்தி கிட்டும். உனக்கு ஸ்பிரிங் கிட்டாது." நம் ஊர் வெட்டுகத்திக்கும் அரிவாளுக்கும் லாரிப் பட்டையைவிட நல்ல உருக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த உருக்கு வில்லாக இருப்பது வடிவத்தால் மட்டும் இல்லை. சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தியதால் வந்த குணம் அது. உலையில் ஒருமுறை சிவந்துவிட்டால் அந்தப் பதம் போய்விடும். முழுப் பதத்தையும் மறுபடி கொடுக்கிற உலையும் வெப்பமானியும் உள்ள ஸ்பிரிங் பட்டறை என்றால் கொடுங்கள். மற்றபடி புதுப் பட்டை வாங்குவது மலிவு. அதே காரணத்தால் பட்டையின் மேல் வெல்டிங் கம்பி படவே கூடாது; பக்கத்தில் வெல்டிங் நடந்தால்கூட தீப்பொறி விழாமல் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

திருப்பி அடுக்கும்போது பட்டைகளின் முகத்தில் துத்தநாகப் பிரைமர் அடித்துக் காயவிட்டு, நடுவில் கிராஃபைட் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுகிறேன். அதிகம் தடவினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முனையில் நைலான் வில்லை இருந்த பட்டைகளுக்குப் புது வில்லை வையுங்கள். கிளிப்புகளை விட்டுவிடாதீர்கள். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது எல்லாப் பட்டையும் சேர்ந்து வேலை செய்வது அந்தக் கிளிப்பால்தான். கிளிப் இல்லையென்றால் மெயின் பட்டை தனியே எல்லாவற்றையும் சுமந்து சீக்கிரம் முறியும்.

யூ போல்ட்டைப் பழையதே திரும்பப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். வேண்டாம். ஒருமுறை இழுத்து முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும். இரண்டாம் முறை அதே பிடி கிடைக்காது. செட்டை அழுத்திப் பிடிப்பது யூ போல்ட், சென்டர் போல்ட் இல்லை. யூ போல்ட் தளர்ந்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும், அந்த வெட்டு முழுவதும் சென்டர் போல்ட்டில் விழும், அது முறியும், ஆக்சில் பின்னால் ஓடும். எனக்கு நடந்தது அதுதான். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால், குறுக்குக்குறுக்காக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். முறுக்கியபின் நட்டின் மேலிருந்து தட்டு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, டார்ச் போதும்.

பட்டறைகளில் மிக அதிகம் நடக்கும் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டையும் கண் போல்ட்டையும் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை. முறுகிக்கொடுத்து வேலை செய்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதுமே அது ஏற்கெனவே முறுகிய நிலையில்தான் நிற்கும். சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு முறை குலுக்கி உட்காரவிட்டு, அதன்பிறகு முழுதாய் இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஷாக்

பட்டை எடையைத் தாங்குகிறது. ஷாக் துள்ளலை அடக்குகிறது. ஷாக் நல்லதாக இருந்தால் வண்டி தாழாது என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த வித்தியாசம் தெரியாமல்தான். உள்ளே எண்ணெய், பிஸ்டன், சிறு சிறு வால்வுகள். எண்ணெயை இடுக்கில் புகுத்தித் துள்ளலைச் சூடாக மாற்றுகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு வரை நீளுகிற சாலை மாதிரி, விடாத குலுக்கல் உள்ள வழியில் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது. நைட்ரஜன் அடைத்த ஷாக் இந்த நுரையைத் தடுக்கிறது; மலையில் ஓடும் வண்டிக்கு அந்தக் கூடுதல் காசு தகும்.

பழுதைக் கண்டுபிடிக்க நான் நம்புவது கையை. கரடுமுரடான வழியில் அரைமணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, நான்கு ஷாக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில சமயம் சுடும், கவனம். எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. கம்பியின் மேல் லேசான ஈரப்பூச்சு பிரச்சினையில்லை; வடிந்து தூசு பிடித்துத் தாரை கட்டியிருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக ஆடும்.

முன்பக்கத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்வதைச் செய்யுங்கள். கீழ்க்கையில் ஸ்பிரிங் உட்காருகிற வண்டியில் கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பால் ஜாயின்ட்டில் விளையாட்டு இருந்தால் கைக்குத் தெரியும். பூட் கிழிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒரு மழை போதும், உள்ளே சேறு போய்விடும். பாரத்தோடு இறங்குகிற வண்டியில் பால் ஜாயின்ட் கழன்றால் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை.

கூட்டுவதும் உயர்த்துவதும்

இனிதான் பலரும் முதலில் தொட விரும்புகிற இடம். என் வரிசை இது: முதலில் புஷ், போல்ட், பட்டையின் சுத்தம், அடுத்து நல்ல ஷாக், அதற்கும் பிறகு ஸ்பிரிங் மாற்றம், உயரம் கூட்டுவது கடைசி, பெரும்பாலும் தேவையே இல்லை. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்குமேல் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டன. ஓட்டுபவருக்கு அது போதுமாக இருந்தது.

பட்டை கூட்டுவதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. அகலமும் நீளமும் மாறாமல் 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டால், அந்தப் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று கடையில் தோன்றும். என் வண்டியில் நான் ஏற்றிய கனத்த பட்டைகள் காலி ஓட்டத்தைக் கெடுத்தது அதனால்தான்.

ஆகவே எந்த நேரமும் வேலை செய்கிற பட்டையைக் கூட்டாதீர்கள். அடியில் தனியே நிற்கிற ஹெல்பர் பட்டையைச் சரிசெய்யுங்கள். காலி வண்டியில் ஹெல்பர் எதையும் தொடக்கூடாது. பாதிப் பாரம் ஏறியதும் தொட வேண்டும். காலையில் மென்மையான பட்டையோடு ஏறுவீர்கள், சாயங்காலம் இரண்டும் சேர்ந்து தாங்க இறங்குவீர்கள். நம் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாரத்தைத் தோராயமாக நினைக்காமல் எடைபோட்டுச் சொல்லுங்கள். 200 லிட்டர் பேரலில் நிறைந்த ரப்பர் பால் ஏறத்தாழ 200 கிலோ. ஐந்து பேரல் ஒரு டன். பாதி நிறைந்த பேரல் எடை குறைவென்றாலும் வளைவில் பால் ஒரு பக்கம் அலைந்து வண்டியைத் தள்ளும். நான்கை நிறைத்து ஒன்றைக் காலியாக விடுவது, ஐந்தையும் முக்காலாக வைப்பதைவிட நல்லது.

நடுவில் கனத்து முனையில் மெலிந்த பட்டைகள் ஒன்றிரண்டு மட்டும் கொண்ட பாரபாலிக் ஸ்பிரிங்கும் உண்டு. பட்டைகள் ஒன்றையொன்று உரசாததால் மணல் பிரச்சினை குறைவு, காலி ஓட்டமும் சுகம். ஆனால் பழைய செட்டில் உரசலே பாதித் துள்ளலை அடக்கிக்கொண்டிருந்தது. அது போய்விடுவதால் ஷாக் முதல்தரமாக இருக்க வேண்டும். காற்றுப்பை வைத்துத் தாங்குகிற அமைப்பைக் கடற்கரைக்கும் கூர்ங்கல் சாலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வண்டியை உயர்த்த ஆசைப்படுகிறவர்களுக்கு: 40 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். உயரம் கூடினால் முன் ஆக்சில் ஷாஃப்ட் பூட்டின் கோணமும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும், பிரேக் ஹோஸ் நீளம் பற்றாது, காஸ்டர் குறைந்து ஸ்டீயரிங் அலையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் விழும். ஒவ்வொன்றையும் சரிசெய்யாமல் உயர்த்துவது பாதி வேலை. முறுக்குக் கம்பி உள்ள முன்பக்கத்தில் போல்ட்டைத் திருகி உயர்த்துவது இலவசம் போலத் தெரியும். கம்பி அதனால் விறைப்பாவதில்லை, சக்கரம் கீழே இறங்குகிற இடம் மட்டும் குறைகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் டம் என்று அடிப்பது அதனால்தான்.

யாரும் சொல்லாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பல பிக்அப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு சிறு கம்பி, அதன் மேல்முனையில் பிரேக் வால்வு ஒன்று இருக்கும். தட்டு தாழ்ந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். உயர்ந்தால் காலி என்று குறைக்கும். நீங்கள் பட்டை கூட்டியோ ஷேக்கிள் நீட்டியோ பின்பக்கத்தை உயர்த்தினால், ஒரு டன் ஏற்றிய பிறகும் வால்வு காலி வண்டி என்றே நினைக்கும். இறக்கத்தில் பின் பிரேக் பாதியாகும், முன் பிரேக் சுட்டுத் தளரும். உயர்த்திய அளவுக்கு அந்தக் கம்பியின் பிடியையும் உயர்த்திவைக்கச் சொல்லுங்கள். கம்பியைக் கட்டி முழு அழுத்தத்தில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் காலி வண்டியின் பின்சக்கரம் ஈரச்சாலையில் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

உயர்ந்த வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் என்ன பாடு படும் என்பதையும் யோசியுங்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை, தார்ப்பாய் கட்டிய உங்கள் வண்டியின் விலாவிலும் அடிக்கும். தூக்கிவைத்த எடை, பக்கக்காற்று, மென்மையான பட்டை மூன்றும் சேர்ந்தால் வண்டி படகு மாதிரி ஆடும்.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அதிக பாரத்துக்குச் சட்டம் எழுதியிருப்பது 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். பட்டை கூட்டினால் வண்டி தாங்கும். ஆனால் பதிவுச் சான்றிதழில் எழுதிய எடை அதனால் கூடிவிடாது. காட்டுக்குள் போகிற வழிகளில் வனத்துறைச் செக்போஸ்டில் அனுமதி பெற்றே போங்கள். பெரிய டயரும் உயரமும் இருக்கிறது என்பதற்காக ஓடைக்குள்ளும் புல்வெளியிலும் வண்டியை இறக்க வேண்டாம். அங்கே பாதை இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

வேலை முடிந்து வண்டியை எடுத்ததும் ஒரு வாரம் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று தார்ச்சாலையிலேயே ஓட்டுங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் யூ போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்கி, பழைய வெள்ளைக்கோட்டை அழித்துப் புதுக்கோடு போடுங்கள். நான்கு அளவையும் மீண்டும் எடுத்து நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துச் சரிசெய்துவிட்டு, அதன்பிறகு தடிக்காரன்கோணம் வழியாக மேலே ஏறுங்கள்.